கம்பெனி காருக்காகக் காத்திருக்கும் அப்பா

கேள்வி: எனக்கு வயது 47. என் அப்பா எழுபதுகளில் கதாநாயகனாகவும் பிறகு அண்ணன், அப்பா வேடங்களிலும் நடித்தவர். இப்போது அவருக்கு 79. 22 ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போய், தன் படங்களில் குழு நடனம் ஆடிய ஒரு பெண்ணுடன் போரூர் பக்கம் வாடகை வீட்டில் வாழ்கிறார். அவர்களுக்கு 19 வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவர்களுடைய தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை. விவாகரத்து ஆகவில்லை. 74 வயதாகும் அம்மா, அப்பா கட்டிய சாலிகிராமம் வீட்டில்தான் இருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளாக அப்பாவுக்கு மறதி. காலையில் சவரம் செய்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து "கம்பெனி கார் வந்துவிட்டதா?" என்று கேட்கிறாராம். சென்ற ஆண்டு அண்ணன் அவரைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், சாலிகிராமம் வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிட்டான். அப்பா சார்பில் செயல்படும் பவர் பத்திரமும் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறான். ஒரே ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்துக் கடனாளியான தம்பி, ஒரு யூடியூப் சேனலிடம் பணம் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பேட்டிக்கு உட்கார வைத்தான். அப்பா அழுத காட்சியைத்தான் அவர்கள் முகப்பில் போட்டார்கள். செட்டில்மெண்டை ரத்து செய்ய முடியுமா? அந்தப் பெண்ணுக்கும் மகனுக்கும் சொத்தில் பங்கு உண்டா? அப்பாவை எங்களோடு கூட்டிவந்துவிடலாமா? நடிகை சாவித்திரி அம்மாவின் கதி அவருக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவோ, "கொள்ளி வைக்கப்போவது யார் என்று மட்டும் வக்கீலிடம் கேள்" என்கிறார்.

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்பது கடிதத்தில் தெளிவாக இருக்கிறது. அண்ணனுக்கு வீடு வேண்டும், தம்பிக்குக் காசு வேண்டும், அம்மாவுக்கு ஊரார் முன்னிலையில் தன் இடம் வேண்டும், உங்களுக்கு அப்பா வேண்டும். போரூரில் இருக்கும் அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள். அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். கம்பெனி காரைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல், சட்டம் எதிர்பார்க்கும் பதில் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அந்த வாய் இன்னும் எத்தனை நாள் தெளிவாகப் பேசும் என்று யாருக்கும் தெரியாது.

சாவித்திரியை இதில் இழுக்காதீர்கள். கோடம்பாக்கத்தில் எந்த நடிகரின் வீட்டுச் சங்கடத்தைப் பேசினாலும் அந்தப் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ 19 மாதங்கள் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பர் 26 அன்று அவர் இறந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. உங்கள் அப்பாவின் பிரச்சினை முதுமை. சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அவரைக் கேட்காமலே எல்லாம் நடக்கிற முதுமை. ஒப்பிட ஆள் வேண்டுமென்றால் பிரான்ஸ் நாட்டு நடிகர் அலென் டெலோன் இருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செட்டில்மெண்டுக்கு வருவோம். பதிவு செய்த செட்டில்மெண்ட் பத்திரம் தானத்துக்குச் சமம். எழுதிக்கொடுத்தவர் மறுநாள் மனம் மாறி, தானாகவே ஒரு ரத்துப் பத்திரம் எழுதி அதை அழித்துவிட முடியாது. நம் குடும்பங்களில் உயிலைவிட செட்டில்மெண்டையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். உயிலை இறக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டில் கையெழுத்துப் போட்ட நிமிடமே வீடு கைமாறிவிடுகிறது. "அப்பா, ஒரு கையெழுத்துதானே" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அப்பாக்களுக்குத்தான் தெரிவதில்லை.

அதை உடைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்கள் மனத்தில் இருப்பது முதல் வழி: எழுதும்போதே அப்பாவுக்கு நினைவு சரியில்லை என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிப்பது. சட்டப்படி இது சாத்தியம். வயதாலோ நோயாலோ மனத்திடம் குன்றியவரிடம் ஆதிக்கம் செலுத்தி எழுதி வாங்கினால் அது செல்லாது என்று வாதாட 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சென்ற ஆண்டே அவருக்குப் புத்தி சுவாதீனமில்லை என்று நீங்கள் நிரூபித்துவிட்டால், இந்த ஆண்டு அவர் எழுதும் உயிலை அண்ணனின் வக்கீல் உங்கள் வாக்குமூலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கிழித்துப்போடுவார். அப்பாவைப் பித்தர் என்று முத்திரை குத்தி வெல்லும் வழக்கில் நீங்கள் வீட்டைக் காப்பாற்றலாம், அவருடைய சொல்லை இழந்துவிடுவீர்கள். இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது வழி, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் ஒருவர் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், வஞ்சித்தோ வற்புறுத்தியோ வாங்கியதாகக் கருதி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். இதற்கு அவர் மனநிலை சரியில்லை என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். இந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு என்னைப் போன்ற வக்கீல்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. சில உயர் நீதிமன்றங்கள் அதைத் தளர்த்தியிருக்கின்றன என்றாலும், அப்படி ஒதுக்கிய காரணம் எனக்குப் புரிகிறது; நாங்கள் உள்ளே வந்தால் வாய்தாவும் கூடவே வந்துவிடும்.

பத்திரத்தில் நிபந்தனை எழுதியிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் கொஞ்ச காலமாக ஊசலாடின. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், முதியவர்களைக் காக்க வந்த சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிக்கொடுத்தேன் என்று பத்திரம் சொன்னாலே கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையும் அதில் அடங்கியிருக்கிறது என்ற பார்வையை எடுத்தது. எனவே பத்திரத்தின் நகலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "அன்பினாலும் பாசத்தினாலும்" என்ற சம்பிரதாய வரி அநேகமாக இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆயுள்காலம் வரை அனுபவ பாத்தியம், அதாவது அந்த வீட்டில் வாழ்ந்து அனுபவிக்கும் உரிமை, கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திர எழுத்தர்கள் சில சமயம் பழக்க தோஷத்தில் நல்லதும் செய்துவிடுவார்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இதில் உண்டு. அந்த மனுவை நீங்கள் போட முடியாது. எழுதிக்கொடுத்தவர்தான் போட வேண்டும். அவரால் இயலாதபோது அவர் சார்பில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் செயல்படச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மகளுக்கு அப்படி ஓர் இடத்தை அது கொடுக்கவில்லை. "என் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று நம்பி எழுதினேன், பார்க்கவில்லை" என்று அவரே சொல்ல வேண்டும். ஒருவேளை, "தெரிந்துதான் எழுதினேன், மூத்தவனுக்குத்தான் வீடு" என்று சொல்லிவிட்டால்? அதையும் கேட்டுக்கொள்ள உங்கள் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

எது நடந்தாலும் அம்மாவை அந்த வீட்டிலிருந்து அண்ணன் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. மனைவியாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் தருகிறது. அவரும் மூத்த குடிமகள்தான், மகனிடம் பராமரிப்பு கேட்கும் தனி உரிமை அவருக்கும் உண்டு.

இனி நீங்கள் எழுதத் தயங்கி, "அந்தப் பெண்" என்று மூன்று இடங்களில் எழுதி இரண்டு இடங்களில் அடித்துவிட்ட விஷயம். இரண்டாம் திருமணத்துக்குச் சென்னை மாகாணம் 1949-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதைப் பொதுவாக்கியது. ஆகவே கோயிலில் தாலி கட்டியிருந்தாலும், அம்மா இருக்கும்வரை போரூர் திருமணம் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. அந்த அம்மாளுக்கு வாரிசுரிமை கிடையாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்புகூட அவருக்குக் கிடைப்பது கடினம். திருமணத்துக்கு ஒப்பான உறவு என்று சொல்ல இருவருமே திருமணத்துக்குத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று 2010-இல் வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்.

அந்தப் பையனின் கதை வேறு. திருமணம் செல்லாவிட்டாலும் அதில் பிறந்த குழந்தை சட்டபூர்வமான குழந்தையே என்று இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், மூதாதையர் சொத்தில் தகப்பனுக்கு வந்திருக்கக்கூடிய பங்கிலும் அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் பெயரில் மிஞ்சியிருப்பது ஐந்து சம பங்காகும். அம்மாவுக்கு ஒன்று, நீங்கள் மூவருக்கு மூன்று, அவனுக்கு ஒன்று. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்கும்போது அவன் பெயரை விட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்வார். விட்டுவிட்டால் அது பொய்ச் சான்று. பத்து ஆண்டுகள் கழித்து அவன் வந்து நின்றால், அந்தச் சொத்தை விலைக்கு வாங்கியவர்வரை எல்லோரும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

டெலோனுக்கு இப்போது வருகிறேன். அறுபதுகளில் பிரெஞ்சு சினிமாவின் அழகன் என்று உலகம் கொண்டாடியவர். 2019-இல் பக்கவாதம் தாக்கியது. 2023 ஜூலையில் அவருடைய மூன்று பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்து, அவரோடு வாழ்ந்துவந்த ஹிரோமி ரோலின் என்ற பெண்மணி அப்பாவைத் துன்புறுத்துகிறார் என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். புகாரை விசாரித்த அரசு வழக்கறிஞர் பிறகு மேல்நடவடிக்கை இல்லாமல் முடித்துவிட்டார். பொது எதிரி போன பிறகு என்ன ஆயிற்று? 2024 ஜனவரியில் பிள்ளைகள் ஒருவர் மீது ஒருவர் பாய்ந்தார்கள். அப்பாவின் நினைவாற்றல் பரிசோதனை முடிவுகளைத் தங்கை மறைத்தாள் என்று அண்ணன் பத்திரிகையில் சொன்னார். தங்கை பதிலுக்கு வழக்குப் போட்டார். ஏப்ரலில் நீதிமன்றம் தலையிட்டு, பணம், மருத்துவம் இரண்டிலும் தனியாக முடிவெடுக்கும் உரிமையை டெலோனிடமிருந்து குறைத்துவிட்டது. ஆகஸ்ட் 18 அன்று, 88 வயதில் இறந்தார். நீக்கோ என்ற பாடகிக்குப் பிறந்த ஆரி என்பவர் டெலோனின் மகன் என்று சொல்லப்பட்டார். டெலோனின் தாயாரே அவரைத் தன் வீட்டில் வளர்த்தார். டெலோன் கடைசிவரை ஏற்கவில்லை. தகப்பனுக்கு ஓராண்டு முன்னால் அந்த மகன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதை வம்புக்காகச் சொல்லவில்லை. பிரான்சில் மூன்று பிள்ளைகள் இருந்தால், சொத்தில் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கு என்று சட்டமே ஒதுக்கிவிடும். மீதிக் கால் பங்கைத்தான் ஒருவர் தன் விருப்பப்படி கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு என்று சட்டமே பெரும்பாலும் எழுதிவைத்த நாட்டிலேயே இத்தனை சண்டை. நம் ஊரில், சுயமாகச் சம்பாதித்ததில் ஓர் இந்து முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பைசாகூட வைக்காமல் போகலாம். 22 ஆண்டுகள் கூட வாழ்ந்த பெண்ணுக்கு ஆயுள்வரை ஒரு கூரையை எழுதிவைக்கலாம். சட்டம் அந்த அம்மாளைப் பார்க்க மறுக்கிறது, ஆனால் உங்கள் அப்பா பார்க்க நினைத்தால் சட்டம் தடுக்காது. மாத்திரை எத்தனை மணிக்கு, இரவில் எத்தனை முறை எழுகிறார், எந்தச் சட்டையைப் போட்டால் அடம்பிடிக்காமல் இருக்கிறார் என்பதெல்லாம் இன்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். கம்பெனி கார் பற்றி உங்களுக்கே அவர் வழியாகத்தான் செய்தி வந்திருக்க வேண்டும்.

அதனால்தான், அப்பாவைக் கூட்டிவந்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். நினைவு தேய்கிறவர்களுக்குப் பழகிய சுவரும் பழகிய குரலும்தான் பிடிமானம். அவரை சாலிகிராமத்துக்குக் கொண்டுவந்தால், 22 ஆண்டுகளாக அவர் தூங்கியிராத அறையில், பேசிப் பழக்கம் விட்டுப்போன மனைவியோடு விடுகிறீர்கள். அம்மாவுக்கும் அது கொடுமை. போலீஸில் ஆள்கடத்தல், சட்டவிரோதக் காவல் என்று புகார் கொடுக்கச் சொல்லி உங்கள் உறவினர் யாரேனும் யோசனை சொல்லியிருந்தால், அந்த உறவினர் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகாதீர்கள்.

"என்னிடம் அப்பாவின் பவர் இருக்கிறது" என்று அண்ணன் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி பவரும் அத்தோடு முடிந்துவிடும். நினைவு போன பிறகும் நீடிக்கும் பவர் என்று சில நாடுகளில் இருப்பது நம்மிடம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ள விடுகிறது, சொத்தை நிர்வகிக்க விடுவதில்லை. முற்றிலும் நினைவிழந்தவரின் சொத்தைக் கையாள வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தின் ரிட் கதவைத்தான் தட்ட வேண்டும். 2024-இல் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவம் பார்க்க ஒரு மனைவிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் வழிவிட்டது. அந்த நிலைக்கு வரும் முன் செய்ய வேண்டியவை உங்கள் கையில் இன்னும் இருக்கின்றன.

பேட்டி விஷயம். தம்பி மீது உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கில்லை. தகப்பன் பெயரை மூலதனமாக வைத்து ஒரு படம் எடுத்து, அது இரண்டாவது வாரம் பார்க்காமல் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் பழைய படம் தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம் நமக்குப் பணம் வர வேண்டுமே என்று அவர்கள் கேட்பார்கள். வராது. அந்தக் கால நடிகர்கள் படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வாங்கினார்கள். மிச்சம் தயாரிப்பாளருக்கும், நெகட்டிவை அடமானம் பிடித்த ஃபைனான்சியருக்கும் போயிற்று. விற்க எதுவும் இல்லாத வீட்டில், கடைசியில் அப்பாவின் கண்ணீர்தான் விற்பனைக்கு வருகிறது.

அமெரிக்காவில் மிக்கி ரூனி என்று ஒரு நடிகர். 1939 முதல் மூன்று ஆண்டுகள் அந்த நாட்டின் வசூல் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். எட்டுத் திருமணங்கள். 2011 மார்ச்சில், 90 வயதில், செனட் குழுவின் முன் உட்கார்ந்து, தன் குடும்பத்தைச் சேர்ந்தவராலேயே பணத்தையும் மருந்தையும் சாப்பாட்டையும்கூடப் பறிகொடுத்ததாகச் சாட்சி சொன்னார். மூன்று ஆண்டுகள் கழித்து இறந்தபோது அவரிடம் மிஞ்சியது 18,000 டாலர். எங்கே புதைப்பது என்பதற்கும் சண்டை நடந்தது. நான் அவரை நினைவுகூர்வது சாட்சி சொன்னதற்காக. தன்னைப் பற்றிப் பேச அவர் தானே போனார். உங்கள் அப்பாவை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

சட்டம் இதில் உங்கள் பக்கம். ஒருவரின் சொந்த வாழ்க்கையை, குடும்பத்தை, திருமணத்தைப் பற்றி அவர் சம்மதமின்றி வெளியிட யாருக்கும் உரிமையில்லை என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நக்கீரன் இதழ், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாகத் தொடுத்த வழக்கு அது. நடிகராக இருந்துவிட்டதால் எல்லாம் பொதுச் சொத்தாகிவிடாது. அந்தச் சம்மதத்தை மகன் கொடுத்தால் செல்லாது. நினைவு தடுமாறும் ஒருவர் கேமரா முன் தலையாட்டினால் அதுவும் சம்மதம் ஆகாது. சேனலுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ், யூடியூபின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு புகார். பெரும்பாலும் இதிலேயே எடுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: உண்மையைச் சொல்கிறேன் என்று நீங்கள் எதிர்ப் பேட்டி கொடுக்காதீர்கள். டெலோனின் பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் கடைசியாக, வேண்டாவெறுப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகத் தோன்றியது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது வழக்கம். சட்டப் புத்தகத்தில் கொள்ளிக்கு வரிசை எதுவும் கிடையாது. மகள் வைக்கலாம், மனைவி வைக்கலாம், 19 வயதுப் பையனும் வைக்கலாம். ஆனால் அம்மா கேட்பது நெருப்பைப் பற்றியா? நடிகர் இறந்தால் எந்த வாசலில் சாமியானா போடுவார்கள், மாலை போட வருகிறவர்கள் எந்த வீட்டுக்கு வருவார்கள், செய்தித்தாளில் "மனைவி" என்று யார் பெயர் வரும், தொலைக்காட்சி வண்டிகள் எந்தத் தெருவை அடைக்கும் என்பதைத்தான் அவர் கேட்கிறார். 22 ஆண்டுகள் வாயைத் திறக்காமல், பொட்டை அழிக்காமல், அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர். அந்த ஒரு நாளாவது தன் இடம் தனக்கு வேண்டும் என்று நினைக்கிறார். இதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதிரி இரண்டு வீட்டுச் சாவுகளில் மத்தியஸ்தம் பேச நான் நடுராத்திரியில் போனதுண்டு. பிணத்தை வைத்துக்கொண்டு பேசினால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது, இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசியமில்லாமல், நடுவில் ஒருவர் நின்றால் முடியும். அந்த நடு ஆள் நீங்கள்தான். உடல் சாலிகிராமத்தில், காரியம் போரூரில் என்றோ, வேறு எப்படியோ. அப்பாவே ஒரு தாளில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்காவிட்டாலும், அவர் கையெழுத்தைப் பார்த்த பிறகு சண்டை போட நம் ஆட்களுக்கு நா எழாது.

ஆகவே முதல் வேலை, அந்த அம்மாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எண் உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டி எடுக்கப் போன தம்பியிடம் நிச்சயம் இருக்கும். அப்பாவை எந்த மருத்துவரிடம் காட்டினார்கள், சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு ஆண்டு மறதிக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம் இவைகூட மறதியைப் போலத் தோன்றும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முதியோர் நல மருத்துவரோ நரம்பியல் நிபுணரோ பார்த்து, எவ்வளவு தெளிவு இருக்கிறது என்று எழுதித்தர வேண்டும். நினைவு போய்ப்போய் வருகிறவர் தெளிவான நேரத்தில் எழுதும் ஆவணம் செல்லும். மருத்துவரின் சான்று கையில் இருக்க, சொத்தில் எந்தப் பங்கும் இல்லாத இரண்டு சாட்சிகள் முன், அவர் தன் வாயால் சொல்வதை உயிலாக எழுதிப் பதிவும் செய்துவிடலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் அண்ணனைப் பார்க்கும்போது செய்துவிடுவது நல்லது. 23-ஆம் பிரிவு மனுவில் கையெழுத்துப் போட விருப்பமா என்று அதே நேரத்தில் கேளுங்கள். கேட்கும்போது நீங்களும் அறையில் இருக்க வேண்டாம், அண்ணனும் இருக்க வேண்டாம்.

செயற்கை சுவாசம், தீவிர சிகிச்சை இவற்றில் எதுவரை போகலாம் என்பதையும் அவர் எழுதிவைக்கலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகளும், நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ இருந்தால் போதும். ஐ.சி.யூ. வாசலில் இரண்டு குடும்பமும் நின்று வாக்குவாதம் செய்வதை அந்த ஒரு தாள் தவிர்த்துவிடும்.

காலையில் போங்கள். மாலையானால் இவர்களுக்குக் குழப்பம் கூடும் என்பார்கள். ஒன்பது மணி வாக்கில் அவர் சவரம் முடித்து, பவுடர் போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். உங்கள் கார் வந்து நிற்பதைப் பார்த்து எழுந்திருப்பார். இன்று ஷூட்டிங் என்று பொய் சொல்லாதீர்கள், ஷூட்டிங் எல்லாம் முடிந்துபோய் வெகு காலமாயிற்று என்று கண்டிக்கவும் வேண்டாம். "டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம், அப்பா" என்று கதவைத் திறந்துவிடுங்கள். அந்த அம்மாளையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டுகள் எல்லாம் அவர் பையில்தான் இருக்கும்.